பல் டாக்டரின் நாற்காலியில் என்ன நடக்கிறது?

ஜொகூரின் கூலாயில் பல் கிளினிக்குக்குப் பஞ்சமில்லை. பட்டணத்துப் பழைய கடைவரிசைகளிலும், இண்டாபுரா, பண்டார் புத்ரா போன்ற புதிய குடியிருப்புகளிலும், பக்கத்துச் செனாயிலும் தனியார் கிளினிக்குகள் இருக்கின்றன. அரசாங்கப் பல் கிளினிக்கும் இருக்கிறது. இருந்தும் நம்மவர்களில் பலர் பல் டாக்டரிடம் போவது ஒரே ஒரு நேரத்தில்தான். இரவெல்லாம் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு கிடந்துவிட்டு, விடிந்ததும் ஓடிப்போய், "பிடுங்கிப் போட்டுடுங்க டாக்டர்" என்று சொல்கிற நேரம். சில மாதங்கள் முன்னால் போயிருந்தால் அடைத்தே காப்பாற்றியிருக்கக்கூடிய பல்லாக அது இருந்திருக்கும்.

போகாமல் இருப்பதற்குக் காரணம் சோம்பல் என்று நான் நினைக்கவில்லை. தோட்டத்தில் வளர்ந்த தலைமுறைக்குப் பல் டாக்டர் என்றாலே குறடுதான் நினைவுக்கு வரும். பல் வைத்தியம் என்றால் பிடுங்குவது என்றே பிள்ளைகளும் கேட்டு வளர்ந்தார்கள். அதோடு, உள்ளே என்ன செய்வார்கள், எவ்வளவு வலிக்கும், எவ்வளவு கேட்பார்கள் என்று எதுவும் தெரியாத பயம். தெரிந்துகொண்டு போனால் அந்தப் பயம் நிறையவே குறையும். என்ன செய்கிறார்கள் என்று புரிந்தவரால்தான் கேள்வி கேட்கவும், வேண்டாம் என்று சொல்லவும், இன்னொரு வழி இருக்கிறதா என்று விசாரிக்கவும் முடியும்.

வலி ஏன் கடைசியில் வருகிறது

பல்லின் மேற்பூச்சான எனாமல்தான் நம் உடம்பிலேயே கடினமான பொருள். அதற்கு நரம்பு கிடையாது. நாம் சாப்பிடும் சர்க்கரையை வாயிலுள்ள கிருமிகள் சில நிமிடங்களில் அமிலமாக மாற்றுகின்றன. வாயின் பிஎச் அளவு ஏறக்குறைய 5.5-க்குக் கீழே இறங்கும்போது எனாமலில் உள்ள தாதுக்கள் கரையத் தொடங்குகின்றன. பிறகு உமிழ்நீர் அந்த அமிலத்தை மெதுவாகச் சமன் செய்து, கரைந்ததில் ஒரு பகுதியைத் திருப்பிச் சேர்க்கிறது. இதற்கு அரை மணி நேரமோ அதற்கு மேலோ ஆகும்.

அதனால் எவ்வளவு சர்க்கரை என்பதோடு எத்தனை முறை என்பதும் சேர்த்துப் பார்க்க வேண்டிய கணக்கு. காலையில் ஒரு தே தாரிக்கைப் பசியாறும்போது குடித்து முடிப்பவருக்கும், அதே கோப்பையை மேசையில் வைத்துக்கொண்டு பத்து மணி வரை கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சுபவருக்கும் உள்ளே போகும் சர்க்கரை ஒன்றுதான். ஆனால் இரண்டாமவரின் பல் காலை முழுவதும் அமிலத்தில் ஊறுகிறது. கெட்டிப்பால் சேர்த்த மைலோவைப் புட்டியில் குடித்தபடியே தூங்கிவிடும் குழந்தையின் நிலை இதைவிட மோசம். தூக்கத்தில் உமிழ்நீர் சுரப்பது வெகுவாகக் குறைந்துவிடும்.

எனாமலைத் தாண்டிச் சொத்தை அடுத்த அடுக்கான டென்டினுக்குள் நுழையும்போதுதான் முதல் அறிகுறி வருகிறது. ஐஸ் தண்ணீர் பட்டால் கூச்சம், இனிப்பு பட்டால் ஒரு சுரீர். இந்தக் கட்டத்தில் போனால் பெரும்பாலும் ஒரே வருகையில் அடைத்துவிடலாம். நாம் இதைப் பொறுத்துக்கொண்டு மறுபக்கம் மென்று பழகிவிடுகிறோம். அடுத்தது பல்லின் நடுவிலிருக்கும் கூழ். நரம்பும் இரத்தக் குழாயும் அங்கேதான் இருக்கின்றன. அது வீங்கினால் வீக்கத்துக்கு விரிய இடமில்லை, சுற்றிலும் சுவர். படுத்தால் தலைக்கு இரத்த ஓட்டம் கூடுவதால் துடிப்பும் கூடுகிறது. இரவில் வரும் பல்வலி அவ்வளவு கொடுமையாக இருப்பது இதனால்தான்.

பலரும் ஏமாறுகிற இடம் இதற்கு அடுத்துதான். சில நாள் துடித்த பிறகு வலி தானாகவே நின்றுவிடும். கிராம்பு வைத்ததால் நின்றது, உப்புத் தண்ணீரால் நின்றது என்று நினைத்துக்கொள்வோம். உண்மையில் கூழ் செத்துவிட்டது. உணர நரம்பு இல்லாததால் வலி இல்லை. கிருமி அப்படியே வேர் நுனி வழியாகத் தாடை எலும்புக்குள் இறங்குகிறது. அடுத்த முறை அது வலியாக வராமல் வீக்கமாக வரும். கீழ்த்தாடைக்கு அடியில் வீங்கி, காய்ச்சல் வந்து, விழுங்கவோ மூச்சு விடவோ கஷ்டமானால் கிளினிக் திறக்கும்வரை காத்திருக்கக் கூடாது. நேராகக் கூலாய் மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போய்விட வேண்டும்.

கவுண்டரில்

ஜொகூரில் 2014 முதல் வெள்ளியும் சனியும் வார விடுமுறையாக இருந்தன. 2025 ஜனவரி 1 முதல் மறுபடி சனி, ஞாயிறு. பழைய பழக்கத்தில் ஞாயிற்றுக்கிழமை அரசாங்கக் கிளினிக்குக்குப் போய்ப் பூட்டிய கதவைப் பார்த்துவிட்டு வராதீர்கள். தனியார் கிளினிக்குகள் பல வார இறுதியிலும் திறந்திருக்கும். அன்றுதான் கூட்டமும் அதிகம். சிங்கப்பூரில் வேலை செய்துவிட்டு வார இறுதியில் வீடு வருபவர்களும், சிங்கப்பூர் வெள்ளியின் மதிப்பைக் கணக்குப் போட்டு அங்கிருந்தே எல்லை தாண்டி வருபவர்களும் தென் ஜொகூரின் பல் கிளினிக்குகளை நிரப்பும் நாள் அது. முன்கூட்டியே நேரம் வாங்கிக்கொள்வது நல்லது.

ஐசியைக் கொடுத்ததும் ஒரு படிவம் தருவார்கள். சர்க்கரை நோய் உண்டா, இரத்த அழுத்தம் உண்டா, என்ன மருந்து சாப்பிடுகிறீர்கள், எந்த மருந்தாவது ஒத்துக்கொள்ளாதா என்று கேட்டிருக்கும். பல்லுக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று எல்லாவற்றிலும் 'இல்லை' என்று குறித்துவிடுகிறவர்கள் அதிகம். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள்.

இரத்தம் உறையாமல் இருக்க மருந்து சாப்பிடுபவருக்குப் பல் பிடுங்கினால் இரத்தம் நிற்க நேரமாகும். டாக்டருக்கு முன்பே தெரிந்தால் அந்த இடத்தில் பஞ்சுபோன்ற மருந்தை வைத்துத் தைத்துவிடுவார். பல் பிடுங்கப் போகிறோம் என்று நீங்களாக அந்த மருந்தை நிறுத்திவிடுவது இன்னும் பெரிய ஆபத்து. மாரடைப்பும் பக்கவாதமும் வராமல் தடுக்கத்தான் அந்த மருந்தே கொடுக்கப்பட்டிருக்கிறது. இதயத்தில் செயற்கை வால்வு பொருத்தியவர்களுக்குச் சில சிகிச்சைகளுக்கு முன் ஆன்டிபயாட்டிக் தர வேண்டியிருக்கும். எலும்புத் தேய்மானத்துக்கு ஊசியோ மாத்திரையோ எடுக்கும் அம்மாமார்களும் அதைச் சொல்ல வேண்டும். சில வகை மருந்துகளால் பிடுங்கிய இடத்து எலும்பு ஆறாமல் போகக்கூடும்.

சர்க்கரை நோயைத் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. 2019-ஆம் ஆண்டு நாடு தழுவிய சுகாதார ஆய்வில் மலேசியாவில் 18 வயதுக்கு மேற்பட்டவர்களில் 18.3 விழுக்காட்டினருக்குச் சர்க்கரை நோய் இருந்தது. இந்தியர்களிடையே அது 31 விழுக்காட்டைத் தாண்டியது. சர்க்கரை கட்டுக்குள் இல்லாவிட்டால் ஈறு நோய் வேகமாக முற்றும், ஈறு நோய் முற்றினால் சர்க்கரையைக் கட்டுப்படுத்துவதும் கடினமாகும். நாற்பது வயதுக்காரருக்குச் சொத்தையே இல்லாமல் முன்பற்கள் ஆடத் தொடங்கினால் டாக்டர் சர்க்கரையைப் பற்றித்தான் முதலில் கேட்பார். இந்நோய் உள்ளவர்கள் காலை நேரமாக வாங்கிக்கொண்டு, வழக்கம்போல் பசியாறி, வழக்கமான மருந்தையும் எடுத்துக்கொண்டு போக வேண்டும். வெறும் வயிற்றோடு போனால் நாற்காலியிலேயே சர்க்கரை இறங்கி மயக்கம் வரலாம்.

நாற்காலியில்

நாற்காலி பின்னால் சாயும், மேலே விளக்கு எரியும். டாக்டர் கையில் முதலில் இருப்பவை ஒரு சின்னக் கண்ணாடியும் மெல்லிய கம்பியும் மட்டுமே. ஒவ்வொரு பல்லாகப் பார்த்துக்கொண்டே பக்கத்தில் இருக்கும் மிஸ்ஸியிடம் எண்களைச் சொல்லுவார். புரியாமல் கேட்டுக்கொண்டிருக்கும்போது ஏதோ பெரிய வியாதியைச் சொல்கிறாரோ என்று வயிறு கலங்கும். அது பல்லின் விலாசம்தான். முதல் இலக்கம் வாயின் எந்தக் கால்பகுதி என்பது: மேல் வலது 1, மேல் இடது 2, கீழ் இடது 3, கீழ் வலது 4. இரண்டாவது இலக்கம் முன்பல் நடுவிலிருந்து எண்ணினால் எத்தனையாவது பல் என்பது. '36' என்றால் கீழ் இடது பக்கத்தில் ஆறாவது பல்.

இந்த ஆறாவது பல்லைப் பற்றிப் பெற்றோர் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும். குழந்தைக்கு ஏறக்குறைய ஆறு வயதாகும்போது, எந்தப் பால்பல்லும் விழாமலே, கடைசிப் பால்பல்லுக்குப் பின்னால் இது சத்தமில்லாமல் முளைத்துவிடும். விழுந்து முளைக்காததால் பலரும் இதையும் பால்பல் என்றே எண்ணிவிடுகிறார்கள். சொத்தையானாலும் "எப்படியும் விழுந்து வேறு முளைக்கும்" என்று விட்டுவிடுகிறார்கள். அது முளைக்காது. வாழ்நாள் முழுவதும் மெல்ல வேண்டிய பல் அது. பெரியவர்களின் வாயில் முதலில் காணாமல் போவதும் பெரும்பாலும் அதுவே. தமிழ்ப்பள்ளிக்கு அரசாங்கப் பல் குழு வரும்போது, பிள்ளையிடம் கொடுத்தனுப்பும் ஒப்புதல் கடிதத்தில் கையெழுத்துப் போட்டுத் திருப்பி அனுப்புங்கள். இந்தப் பல்லின் பள்ளங்களை மெழுகுபோன்ற பூச்சால் மூடிச் சொத்தை வராமல் தடுப்பதும் அந்தக் குழுவின் வேலைகளில் ஒன்று. பள்ளிப் பிள்ளைகளின் பல்லைப் பார்ப்பதற்கென்றே பினாங்கில் 1949-இல் பயிற்சி தொடங்கிய நாடு இது. அந்தச் சேவை நம் பிள்ளைகளுக்கும் உரியது.

கூலாயின் டாக்டர்களில் சீனரும் மலாய்க்காரரும் அதிகம். தமிழ் பேசுபவர் கிடைத்தால் மகிழ்ச்சி, கிடைக்காவிட்டாலும் கவலையில்லை. எந்த மொழியிலானாலும் வலியைத் துல்லியமாகச் சொல்லப் பாருங்கள். குளிர்ந்தது பட்டால் மட்டும் கூசுகிறதா, பட்டதை எடுத்த பிறகும் வலி நிமிடக்கணக்கில் நீடிக்கிறதா, கடிக்கும்போது மட்டுமா, இரவில் எழுப்பிவிடுகிறதா? பட்டதை எடுத்ததும் போய்விடும் கூச்சம் என்றால் கூழ் இன்னும் பிழைத்திருக்கிறது, அடைத்தால் போதும். நீடித்து நிற்கும் வலி என்றால் பெரும்பாலும் அந்தக் கட்டம் தாண்டிவிட்டது. நீங்கள் சொல்லும் இந்த ஒரு விவரமே சிகிச்சையை மாற்றும்.

இரண்டு பற்களுக்கு இடையில் ஒளிந்திருக்கும் சொத்தையும் வேர் நுனியில் இருக்கும் சீழும் கண்ணுக்குத் தெரியாது. எக்ஸ்ரே எடுப்பது அதற்காகத்தான். சின்னப் படத்துக்குக் கதிர்வீச்சு மிகக் குறைவு. கர்ப்பமாக இருந்தால் மட்டும் முதலிலேயே சொல்லிவிடுங்கள். கர்ப்பிணிகள் பல் டாக்டரிடம் போகவே கூடாது என்று வீட்டில் பெரியவர்கள் தடுப்பதுண்டு. அது சரியல்ல. ஈறு வீங்கி இரத்தம் வருவது அந்தக் காலத்தில் அதிகம், பார்க்க வேண்டியதும் அவசியம். நடு மூன்று மாதங்கள் சிகிச்சைக்கு வசதியான காலம்.

ஊசி

எல்லாப் பயமும் வந்து நிற்கிற இடம் இது. என்ன உணர்வீர்கள் என்று அப்படியே சொல்லிவிடுகிறேன்.

முதலில் ஈறில் ஒரு களிம்பைத் தடவிச் சற்றுப் பொறுப்பார்கள். தோல் மரத்த பிறகு ஊசி. பெரும்பாலும் லிக்னோகேயின் என்ற மருந்து, இரத்தக் குழாயைச் சுருக்கி மருந்தை அங்கேயே நிறுத்திவைக்கக் கொஞ்சம் அட்ரினலினோடு. அந்த அட்ரினலினால் சிலருக்கு ஒரு நிமிடம் நெஞ்சு படபடக்கும், கை நடுங்கும். மயக்கம் வரப்போகிறது என்று பயந்துவிட வேண்டாம், தானே அடங்கிவிடும். ஆனால் டாக்டரிடம் சொல்லுங்கள்.

மேல்தாடை எலும்பு மெல்லியது. பல்லுக்குப் பக்கத்திலேயே போட்டால் மருந்து ஊறிவிடும். கீழ்த்தாடை எலும்பு கெட்டியானது. அதனால் கீழ்க் கடைவாய்ப் பல்லுக்கு வாயின் பின்பக்கத்தில், நரம்பு எலும்புக்குள் நுழையும் இடத்தில் போடுவார்கள். அந்த நரம்பை அங்கே நிறுத்துவது, வீட்டின் மெயின் சுவிட்சை அணைப்பது போன்றது. அந்தப் பக்கத்துப் பற்கள் எல்லாம், பாதி உதடு, பாதி நாக்கு வரை மரத்துப்போகும். உதடு தடித்துத் தொங்குவதாகத் தோன்றும். கண்ணாடியில் பார்த்தால் வழக்கம்போலவே இருக்கும். இரண்டு மூன்று மணி நேரத்தில் சரியாகிவிடும். அதுவரை சூடாகக் குடிக்காதீர்கள். சின்னப் பிள்ளைகளைக் கண்ணிலேயே வைத்திருங்கள். உணர்வில்லாத உதட்டை விளையாட்டாகக் கடித்துப் புண்ணாக்கிக்கொள்வார்கள்.

மரத்த பிறகும் அழுத்தம் தெரியும், அசைப்பது தெரியும், சத்தம் கேட்கும். குத்துகிற வலி மட்டும் தெரியக்கூடாது. தெரிந்தால் கையைத் தூக்குங்கள். பொறுத்துக்கொள்வது நல்ல நோயாளிக்கு அழகு என்று நம் வீடுகளில் ஒரு நினைப்பு இருக்கிறது, அதை வாசலிலேயே விட்டுவிட வேண்டும். டாக்டர் நிறுத்தி இன்னும் கொஞ்சம் மருந்து போடுவார்.

சீழ் பிடித்து வீங்கிய பல் மட்டும் சரியாக மரத்துப்போகாது. அந்த இடத்தின் சதை அமிலமாகிவிடுவதால் மருந்து வேலை செய்யச் சிரமப்படுகிறது. "இன்றைக்குப் பிடுங்க வேண்டாம், சீழை வடித்துவிடுகிறேன், வீக்கம் அடங்கட்டும்" என்று டாக்டர் சொல்வதுண்டு. காசுக்காக இழுத்தடிக்கிறார் என்று எண்ணிவிடாதீர்கள். பல் டாக்டரிடம் வலி பட்டதாகச் சொல்பவர்களின் பழைய கதைகளில் பல, இப்படி முற்றிய பல்லோடு கடைசி நேரத்தில் போனவர்களுடையவை. சீக்கிரம் போனவருக்கு ஊசி நன்றாக வேலை செய்கிறது.

அடைப்பதா, வேர் சிகிச்சையா, பிடுங்குவதா

அடைப்பது எளிது. சொத்தையைச் சுரண்டி எடுத்து, பல் நிறத்துப் பசையை அடுக்கடுக்காக வைத்து, நீல விளக்கைக் காட்டி இறுக்குவார்கள். கடித்துப் பார்க்கச் சொல்லும்போது கூச்சப்படாமல் உயரமாக இருந்தால் உயரமாக இருக்கிறது என்று சொல்லுங்கள். ஒரு மெல்லிய தாள் கனம் கூடியிருந்தாலும் அடுத்த சில நாட்கள் அந்தப் பல் வலிக்கும்.

கூழ் வரை போயிருந்தால் வேர் சிகிச்சை. கூழை எடுத்துவிட்டு, வேருக்குள் இருக்கும் மெல்லிய குழாய்களைச் சுத்தம் செய்து அடைப்பது. கீழ்க் கடைவாய்ப் பல்லில் அப்படி மூன்று அல்லது நான்கு குழாய்கள் இருக்கும். அதனால்தான் அதற்கு நேரமும் காசும் கூடுகிறது, பல முறை போகவும் வேண்டியிருக்கிறது. முதல் முறையிலேயே வலி பெரும்பாலும் போய்விடும். வலி போனதும் மீதி வருகைக்குப் போகாமல் விட்டுவிடுபவர்களைப் பற்றி எல்லா டாக்டர்களும் வருத்தப்படுகிறார்கள். பாதியில் நிற்கும் பல்லில் தற்காலிக அடைப்பு பெயர்ந்து கிருமி மறுபடி புகும், கடைசியில் பல்லும் போகும், கொடுத்த காசும் போகும். கடைவாய்ப் பல்லுக்கு வேர் சிகிச்சைக்குப் பின் மேலே உறை போடச் சொல்வதும் தேவையில்லாத விற்பனை அல்ல. உள்ளே குடைந்த பல் மெல்லும் அழுத்தத்தில் பிளந்துவிடலாம்.

எல்லாருக்கும் இந்தச் செலவு முடியாது. அப்படிப்பட்டவரைப் பிடுங்கியதற்காகக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் முடிவெடுக்கும் முன் கேட்டுவிட்டு எடுங்கள்: இந்தப் பல்லைக் காப்பாற்ற முடியுமா, மொத்தம் எவ்வளவு ஆகும், எத்தனை முறை வரவேண்டும், பிடுங்கினால் அந்த இடைவெளியை என்ன செய்வது? கட்டணத்தை முன்பே கேட்பது உங்கள் உரிமை. இடைவெளியை அப்படியே விட்டால் பக்கத்துப் பல் சாயும், எதிர்ப்பல் இறங்கும்.

பிடுங்கிய பிறகு பஞ்சை அரை மணி நேரம் இறுக்கிக் கடித்திருக்க வேண்டும். குழிக்குள் உறையும் இரத்தக் கட்டிதான் அதற்கான மருந்து. அன்று கொப்பளிக்கக் கூடாது, துப்பிக்கொண்டே இருக்கக் கூடாது, ஸ்ட்ரா போட்டு உறிஞ்சக் கூடாது. சிகரெட் கூடவே கூடாது. அந்தக் கட்டி பெயர்ந்தால் எலும்பு வெளியே தெரிந்து, இரண்டு மூன்று நாள் கழித்துக் காது வரை இழுக்கும் வலி தொடங்கும். அப்படி வந்தால் மாத்திரையோடு சமாளிக்காமல் திரும்பிப் போங்கள், குழியைக் கழுவி மருந்து வைப்பார்கள். உப்புத் தண்ணீர்க் கொப்பளிப்பு மறுநாளிலிருந்து. வலிக்குக் கொடுக்கும் பொன்ஸ்தான் போன்ற மாத்திரைகளைச் சாப்பிட்ட பிறகே போட வேண்டும். வயிற்றுப் புண்ணோ ஆஸ்துமாவோ இருந்தால் வேறு மாத்திரை கேளுங்கள். வேலைக்குப் போக முடியாவிட்டால் பல் டாக்டரும் எம்.சி. தரலாம். வேலைச் சட்டம் தரும் சம்பளத்தோடு கூடிய நோய் விடுப்பில் அதுவும் சேரும்.

பல் சுத்தம் செய்வதைப் பற்றி ஒரு வார்த்தை. "சுத்தம் செய்தால் பல் ஆடும், இடைவெளி வரும்" என்று சொல்லாத குடும்பம் இல்லை. பல்லைச் சுற்றி இறுகிய காரை ஈறையும் எலும்பையும் அரித்துக் கீழே தள்ளியிருக்கும். காரையை எடுத்ததும், அது இதுவரை மறைத்திருந்த இடைவெளி தெரிகிறது. ஆட்டம் வந்தது காரையால். இன்னும் விட்டால் இன்னும் ஆடும்.

காசும் நம்பிக்கையும்

அரசாங்கக் கிளினிக்கில் குடிமக்களுக்கு வெளிநோயாளிக் கட்டணம் 1 ரிங்கிட். சிகிச்சைக் கட்டணமும் மிகக் குறைவு. காத்திருக்கத்தான் பொறுமை வேண்டும், பொய்ப்பல் கட்டுவதற்குக் குறிப்பாக. தனியாரிடம் போனால் ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். 2024 மதிப்பீட்டு ஆண்டு முதல் பல் பரிசோதனைக்கும் சிகிச்சைக்கும் 1,000 ரிங்கிட் வரை வருமான வரிக் கழிவு உண்டு. அழகுக்காகச் செய்வது இதில் சேராது.

பல்லில் கம்பி போட ஆசைப்படும் இளையோருக்கு ஒரு எச்சரிக்கை. சமூக ஊடகத்தில் மலிவு விலையில் விளம்பரம் செய்து, வாடகை அறையில் கம்பி மாட்டிவிடும் போலிகள் நாடு முழுவதும் பிடிபட்டிருக்கிறார்கள். 2017-இல் மலாக்காவில் யூடியூப் பார்த்துக் கற்றுக்கொண்டு கம்பி போட்ட ஓர் இளம்பெண்ணுக்கு நீதிமன்றம் 70,000 ரிங்கிட் அபராதம் விதித்தது. தப்பான விசையில் இழுக்கப்படும் பல்லின் வேர் கரைந்துபோகும், ஆரோக்கியமான பல்லே விழும். 2022 முதல் நடப்பிலுள்ள 2018-ஆம் ஆண்டுப் பல் மருத்துவச் சட்டத்தின்படி ஒவ்வொரு பல் மருத்துவரும் மலேசியப் பல் மருத்துவ மன்றத்தில் பதிந்து, ஆண்டுதோறும் பணி உரிமம் பெற வேண்டும். அந்த உரிமம் கிளினிக் சுவரில் இருக்கிறதா என்று பாருங்கள்.

செலவில்லாத பாதுகாப்பு ஒன்று வீட்டுக் குழாயிலேயே வருகிறது. பல்லைக் காக்கும் ஃபுளோரைடைக் குடிநீரில் சேர்ப்பது இந்த நாட்டில் முதலில் தொடங்கியது நம் ஜொகூரில்தான், 1957-இல் ஜொகூர் பாருவில். 1972-இல் அது நாட்டின் கொள்கையானது. ரிவர்ஸ் ஆஸ்மோசிஸ் வடிகட்டி வைத்திருக்கும் வீடுகளில் அது பெரும்பாலும் நீங்கிவிடும். அப்படிப்பட்டவர்கள் ஃபுளோரைடு உள்ள பற்பசையில் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். துலக்கிய பின் நுரையைத் துப்பினால் போதும். தண்ணீர் விட்டு நன்றாகக் கொப்பளித்தால் அந்தப் பசையின் பயன் குறைந்துவிடும்.

பல் இல்லாதவர்களும் போக வேண்டும்

இதைத்தான் நான் அதிக அக்கறையோடு சொல்ல விரும்புகிறேன். பல் டாக்டர் பார்ப்பது பல்லை மட்டுமல்ல. நல்ல பரிசோதனை என்றால் நாக்கை வெளியே நீட்டச் சொல்லி அதன் இரு ஓரங்களையும், நாக்குக்கு அடியையும், கன்னத்தின் உட்புறத்தையும், அண்ணத்தையும் பார்த்து, கழுத்தில் கட்டி இருக்கிறதா என்று தடவியும் பார்ப்பார். அவர் அங்கே தேடுவது வாய்ப் புற்றுநோயை.

மலேசியாவில் இந்நோய் நம் சமூகத்தை அதிகமாகத் தாக்குகிறது. 1990-களில் நாடு முழுவதும் நடந்த ஆய்வில், புற்றுநோயாக மாறக்கூடிய வாய்ப் புண்களும் திட்டுகளும் இந்தியர்களிடமும் சபா, சரவாக் பூர்வகுடிகளிடமும் அதிகம் என்று தெரிந்தது. சுகாதார அமைச்சின் பல் குழுக்கள் தோட்டங்களைத் தேடிப் போய் வாயைப் பரிசோதிக்கத் தொடங்கியதும் அந்தக் காலத்தில்தான். இந்நோய்க்கு முக்கியக் காரணம் தாம்பூலம். புகையிலை சேர்த்த வெற்றிலை புற்றுநோய் உண்டாக்கும் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 1985-இல் அறிவித்தது. புகையிலை சேர்க்காவிட்டாலும் பாக்கே அதைச் செய்யும் என்று 2004-இல் சொன்னது. "நான் புகையிலை போடுவதில்லை, வெறும் வெற்றிலை பாக்குதான்" என்பது பாதுகாப்பு அல்ல. அதோடு சம்சுவும் சிகரெட்டும் சேர்ந்தால் ஆபத்து பல மடங்காகும்.

கவனிக்க வேண்டிய அறிகுறிகளில் பலவற்றுக்கு ஆரம்பத்தில் வலி இருக்காது. கன்னத்திலோ நாக்கிலோ துடைத்தாலும் போகாத வெள்ளைத் திட்டு. அதைவிடக் கவலைக்குரியது சிவப்புத் திட்டு. இரண்டு வாரம் கடந்தும் ஆறாத புண். கொஞ்சம் காரம் பட்டாலும் வாயெல்லாம் எரிவது. முன்பு திறந்த அளவுக்கு வாய் திறக்க முடியாமல், கன்னத்தின் உட்புறம் கயிறு போல இறுகிக்கொண்டு வருவது. இந்தக் கடைசி அறிகுறி பாக்கு மெல்பவர்களிடம் வரும் தனி நோய், இளையோருக்கும் வருகிறது. திட்டாக இருக்கும்போதே ஒரு சின்னத் துண்டைக் கிள்ளி எடுத்துச் சோதித்தால் என்னவென்று தெரிந்துவிடும். அதற்குக் கூலாய் டாக்டர், ஜொகூர் பாருவில் உள்ள பெரிய மருத்துவமனையின் வாய் அறுவைச் சிகிச்சைப் பிரிவுக்குக் கடிதம் கொடுத்து அனுப்புவார். கடிதம் கொடுத்தால் போய்விடுங்கள். அது பயமுறுத்த அல்ல.

பாட்டிக்குப் பல்லே இல்லை, அவருக்கு எதற்குப் பல் டாக்டர் என்று வீட்டில் விட்டுவிடுகிறோம். ஐம்பது ஆண்டு வெற்றிலை போட்ட வாய் அவருடையதுதான். அடுத்த முறை உங்கள் பல்லைக் காட்டப் போகும்போது அவரையும் அழைத்துப் போய், "டாக்டர், இவங்க வெத்திலை போடுவாங்க, கன்னம் நாக்கெல்லாம் பார்த்துச் சொல்லுங்க" என்று நீங்களே கேளுங்கள். ஊசி இல்லை, குறடு இல்லை, சில நிமிடங்களில் முடிந்துவிடும். பொய்ப்பல்லைக் கழற்றச் சொல்வார்கள். அதை வைக்க ஒரு சின்ன டப்பா கொண்டு போங்கள்.